சக்கரத்தின் பல் ஏன் உப்பியிருக்கிறது?

சித்திரை மாத வெயில். மண்டையைப் பிளக்கிறது. தெரு முனையில் கரும்புச் சாறு வண்டி நிற்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? "ஐயா, ஒரு கிளாஸ்" என்கிறோம். குடிக்கிறோம். காசைக் கொடுக்கிறோம். நடையைக் கட்டுகிறோம்.

அடுத்த தடவை போகும்போது ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். எந்திரத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். அங்கே பல் சக்கரங்கள் இருக்கும். ஒரு சக்கரம் சுற்றும். அதன் பல், அடுத்த சக்கரத்தின் பள்ளத்தில் இறங்கும். அதைத் தள்ளும். தள்ளிவிட்டு வெளியே வரும். அதற்குள் அடுத்த பல் இறங்கியிருக்கும்.

அந்தப் பல்லின் வடிவத்தை உற்றுப் பாருங்கள். (கண்ணால் மட்டும்தான். விரலை நீட்ட வேண்டாம். குழந்தைகளையும் சேலைத் தலைப்பையும் அருகே விட வேண்டாம்.)

அது ரம்பத்தின் பல் போல முக்கோணமாக இருக்காது. சீப்பின் பல் போல நேராகவும் இருக்காது. அடி அகலமாக இருக்கும். மேலே போகப் போக ஒடுங்கும். இரண்டு பக்கமும் இலேசாக உப்பியிருக்கும்.

ஏன் இந்த உப்பல்? அழகுக்காகவா? வார்ப்படம் செய்தவர் கை தவறிவிட்டாரா?

இரண்டும் இல்லை. இந்த உப்பலின் கணக்கைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஒற்றைக் கண் பார்வையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர். அந்த உப்பலைச் சுலபமாக வெட்ட வழி சொன்னவரோ, ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி!

பெரியவர் பட்ட பாடு

எங்கள் தெருப்பக்கம் ஒரு பெரியவர் கரும்புச் சாறு விற்கிறார். கையால் சுற்றும் எந்திரம். ஒரு கோடையில் அதில் ஒரு சக்கரம் உடைந்துவிட்டது.

பெரியவர் பழைய இரும்புக் கடைக்குப் போனார். அதே பருமனில் ஒரு சக்கரம் கிடைத்தது. பற்களை எண்ணிப் பார்த்தார். பழைய சக்கரத்தில் எத்தனையோ, இதிலும் அத்தனை. மகிழ்ச்சியோடு வாங்கி வந்தார்.

மாட்டினார். பல் சரியாக இறங்கவில்லை. இடுக்கிக் கொண்டது. அரத்தை எடுத்தார். ஒவ்வொரு பல்லாக ராவினார். ஒரு பகல் முழுவதும் ராவினார். ஒரு வழியாகச் சக்கரம் சுற்றியது.

ஆனால் அது சுற்றிய அழகு! கடக்... கடக்... என்று சத்தம். கைப்பிடி ஒரு நேரம் தானாக ஓடியது. மறு நேரம் முரண்டு பிடித்தது.

"உள்ளே யாரோ உக்காந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் என்னிடம்.

நான்காம் நாள் இரண்டு பற்கள் முறிந்து விழுந்தன. வருடத்தில் அவருக்கு நாலு காசு கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான். வண்டியைச் சாத்திவிட்டுப் பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எண்ணிக்கை சரி. பருமன் சரி. இதுவும் இரும்பு, அதுவும் இரும்பு. பிறகு ஏன் உடைந்தது?

எண்ணிக்கை சொல்வது ஒன்று. வடிவம் செய்வது வேறு

ஒரு சிறிய சக்கரம். அதில் 20 பற்கள். ஒரு பெரிய சக்கரம். அதில் 40 பற்கள். சிறியது இரண்டு சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். இதற்குப் பல்லின் வடிவம் தேவை இல்லை. முக்கோணப் பல்லாக இருந்தாலும் சரி, முளைக்குச்சியாக இருந்தாலும் சரி. முழுச் சுற்றின் கணக்கு பிசகாது.

பிசகு வருவது நடுவில்.

ஒரு பல் மற்றொரு பல்லைத் தொட ஆரம்பிக்கிறது. தள்ளுகிறது. விட்டு விலகுகிறது. இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இரண்டும் தொடும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் தள்ளும் பல்லின் அடிப்பக்கம் தொடுகிறது. கடைசியில் அதன் நுனி தொடுகிறது.

வீட்டுக் கதவைக் கீல் அருகே தள்ளிப் பாருங்கள். கனக்கும். கைப்பிடி அருகே தள்ளிப் பாருங்கள். இலேசாகத் திறக்கும். தள்ளும் இடம் மாறினால் பலமும் மாறுகிறது, வேகமும் மாறுகிறது.

பல் சக்கரத்திலும் அப்படித்தான். வடிவம் சரியில்லாத பல் தள்ளினால், அடுத்த சக்கரம் ஒரு கணம் வேகமாக ஓடும். மறு கணம் தயங்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் ஓட்டம், ஒரு தயக்கம். பெரியவரின் கைப்பிடியை இழுத்துப் பிடித்த பேய் இதுதான்!

கையால் சுற்றும்போது இது தொல்லை. வேகமாகச் சுற்றும்போது ஆபத்து. 20 பல் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 20,000 தடவை பல்லோடு பல் சேரும். ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு சுத்தியல் அடி என்றால் எந்த இரும்பு தாங்கும்?

கடலுக்கடியில் கிடைத்த சக்கரங்கள்

பழங்கால மக்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. அவர்கள் சக்கரங்கள் மெல்லச் சுற்றின.

1901-ம் ஆண்டு. கிரீஸ் நாட்டில் அன்டிகிதீரா என்ற தீவு. அதன் அருகே மூழ்கிக் கிடந்த பழைய கப்பலில் இருந்து பச்சை பிடித்த ஒரு வெண்கலக் கட்டி கரைக்கு வந்தது. கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள்தான் அந்தக் கப்பலைக் கண்டவர்கள். அந்தக் கட்டிக்குள் பல் சக்கரங்கள் இருந்தன! சூரியன், சந்திரன் ஓட்டத்தையும் கிரகண காலத்தையும் காட்டும் கருவி அது. வயது 2 ஆயிரம் ஆண்டுக்கு மேல். இன்று மிஞ்சியுள்ளவை 30 சக்கரங்கள். அவற்றில் பெரியதற்கு 223 பற்கள் இருந்தன.

ஆனால் பல் எல்லாம் முக்கோணம். கையால் மெல்லத் திருப்பும் கருவி. கொஞ்சம் குதித்தாலும் சந்திரன் கோபித்துக் கொள்ளாது.

பிறகு வந்தன மாவு அரைக்கும் ஆலைகள். ஐரோப்பாவில் காற்றாலும் ஆற்று நீராலும் ஓடியவை. சக்கரம் மரம், பல்லும் மரம். நல்ல வயிரம் பாய்ந்த கட்டையில் பல் செதுக்கிச் சொருகுவார்கள். தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு பல் வைப்பார்கள். (நமக்கு அந்த வசதி பிற்காலத்தில்தான் வந்தது!)

அந்த ஆலைத் தச்சர்களுக்குக் கணிதம் தெரியாது. ஆனால் ஒரு தந்திரம் தெரியும். 20 பல்லுக்கு 40 பல் என்று கணக்காக வைத்தால் என்ன ஆகும்? சின்னச் சக்கரத்தின் ஒரு பல், பெரிய சக்கரத்தில் அதே இரண்டு பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த இரண்டும் சீக்கிரம் பாழ்.

அதனால் 40-க்குப் பதில் 41 வைப்பார்கள். இப்போது சின்னச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். ஒரு ஜோடி மறுபடி சேரச் சின்னச் சக்கரம் 41 சுற்றுச் சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் போய்விடும். அந்தக் கூடுதல் பல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் "வேட்டைப் பல்". அது புதுப் புது ஜோடியைத் தேடி வேட்டையாடுகிறதாம்!

தேய்மானத்துக்கு மருந்து கிடைத்தது. குதிப்புக்கு மருந்து கிடைக்கவில்லை. இரும்புச் சக்கரம் வந்த பிறகு கூட, ஒரு சக்கரத்தில் மரப் பல் சொருகினார்கள். சத்தம் கொஞ்சம் குறையட்டும் என்றுதான்.

மடியில் குழந்தை, முதுகில் பூனை

கணித அறிஞர்கள் களத்தில் இறங்கினார்கள்.

முதலில் பிரெஞ்சு நாட்டு லா ஹீர். ஓவியரின் மகன். 1694-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு காசைச் சுற்றி இன்னொரு காசை உருட்டுங்கள். உருளும் காசின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி போகும் பாதை ஒரு வளைவு. அந்த வளைவில் பல் அமைத்தால் சக்கரம் குதிக்காது. இதுதான் அவர் காட்டிய வழி.

வழி நல்ல வழிதான். சாவி கொடுக்கும் கடிகாரங்களின் பல், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வளைவுதான். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு சக்கரங்களும் குறித்த தூரத்திலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும், நெருங்கினாலும் குதிப்பு திரும்பி வந்துவிடும். கடிகாரத்துக்குள் தூரம் மாறாது. ஆலையில் அச்சு தேயும், தூரம் மாறும்.

அடுத்து வந்தவர் ஆய்லர். முழுப் பெயர் லியோன்ஹார்ட் ஆய்லர். 1707-ல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் பிறந்தவர். வாழ்நாளில் பெரும் பகுதியை ரஷ்யாவிலும் பெர்லினிலும் கழித்தவர். முப்பது வயதை ஒட்டி வலக் கண் பார்வை போயிற்று. 1766-ல் பெர்லினை விட்டு ரஷ்யா திரும்பிய பின் மற்றக் கண்ணும் மங்கிவிட்டது. அவர் அசரவில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டார். வாயால் சொன்னார். மற்றவர்கள் எழுதினார்கள்.

அவருக்குப் பிறந்தவை 13 குழந்தைகள். 5 பேர்தான் வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள். மடியில் குழந்தையையும் முதுகில் பூனையையும் வைத்துக்கொண்டே அவர் எழுதுவார் என்று, அவரை அறிந்த ஒருவர் குறித்திருக்கிறார். நம் வீட்டில் பிள்ளை அழுதால் பத்திரிகை படிக்க முடியவில்லை!

பல் சக்கரத்தைப் பற்றி ஆய்லர் எழுதிய கட்டுரைகள் லத்தீன் மொழியில் 1760-லும் 1767-லும் அச்சாயின. அவர் விரும்பிய வளைவை வரைய ஒரு நூலும் ஒரு டப்பாவும் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

பால் பவுடர் டப்பா ஒன்று எடுங்கள். ஒரு பெரிய காகிதத்தின் நடுவில் நிறுத்துங்கள். டப்பாவின் அடியில் நூலைச் சுற்றுங்கள். நூலின் ஒரு முனையை டப்பாவோடு ஒட்டிவிடுங்கள். மறு முனையில் ஒரு பென்சிலைக் கட்டுங்கள்.

தம்பியை விட்டு டப்பாவை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பென்சிலைப் பிடித்து, நூல் விறைப்பாக இருக்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். பென்சில் காகிதத்தில் ஒரு கோடு போடும்.

கோடு எப்படி இருக்கிறது? முதலில் டப்பாவின் ஓரத்தில் இருந்து நேராக வெளியே கிளம்பும். பிறகு வளைந்து வளைந்து அகன்று போகும். நத்தை ஓட்டின் கோடு போலத் தோன்றும்.

அந்தக் கோட்டின் ஆரம்பத் துண்டு இருக்கிறதே, அதுதான் பல்லின் ஒரு பக்கம். நூலை எதிர்த் திசையில் சுற்றிப் பிரித்தால் மறு பக்கம். இரண்டையும் எதிர் எதிராக வைத்து நுனியை வெட்டிவிட்டால் முழுப் பல்! கரும்பு வண்டியில் பார்த்த உப்பல் இதுதான்.

எட்டுப் போட்ட நூல்

நூல் போட்ட கோட்டுக்கு என்ன மகிமை? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு தடவைக்கு இரு தடவை படித்தாலும் நஷ்டம் இல்லை.

இப்போது இரண்டு டப்பாக்கள். ஒரு பலகை மேல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறோம். இரண்டும் தத்தம் இடத்தில் சுற்றக்கூடியவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நூலை மாட்டுகிறோம். நேராக மாட்டாமல், எட்டு எண் போலக் குறுக்கே மாட்டுகிறோம். பழைய அரிசி ஆலைகளில் பெல்ட் இப்படிக் குறுக்கே ஓடுவதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

ஒரு டப்பாவைச் சுற்றினால் மற்றது எதிர்த் திசையில் சுற்றும். பல் சக்கரங்களும் அப்படித்தானே? மேலும், இங்கே குதிப்பே இல்லை. நூல் ஒரே சீராக ஓடுகிறது. டப்பாக்களும் ஒரே சீராகச் சுற்றுகின்றன.

அந்த நூலில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முதல் டப்பாவை விட்டுக் கிளம்பி, நேர்கோட்டில் போய், இரண்டாம் டப்பாவைச் சேர்கிறது முடிச்சு. முதல் டப்பாவோடு சேர்ந்து சுற்றும்படி ஓர் அட்டையை ஒட்டி வைத்தால், முடிச்சு அதன் மேல் ஒரு கோடு போடும். அது என்ன கோடு? நூல் பிரியும் கோடு! நாம் சற்று முன் வரைந்த அதே வளைவு. இரண்டாம் டப்பாவின் அட்டையிலும் முடிச்சு ஒரு கோடு போடும். அதுவும் அதே இனத்து வளைவு.

இரண்டு கோடுகளும் எப்போதும் முடிச்சு இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும். ஏனென்றால் இரண்டையும் வரைவது அந்த ஒரே முடிச்சு.

இனி அட்டைகளை அந்தக் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். நூலை அறுத்து எறிந்துவிடுங்கள். ஓர் அட்டையின் விளிம்பால் மற்ற அட்டையின் விளிம்பைத் தள்ளுங்கள். நூல் இருந்தபோது எப்படிச் சுற்றியதோ, அப்படியே சுற்றும்! நூல் இழுத்த வேலையை விளிம்பு தள்ளிச் செய்கிறது. தொடும் இடம் நகர்ந்தாலும், தள்ளும் பலம் எப்போதும் அந்த அறுந்த நூலின் கோட்டிலேயே போகிறது. அதனால் கதவுக் கீல் தொல்லை இங்கே இல்லை.

நன்றாகச் செய்த இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் எட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வரமும் சேர்ந்தே வந்தது. பலகையில் டப்பாக்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நூல் நீளம் கூடும். ஆனால் டப்பாவின் பருமன் மாறவில்லையே! ஒன்றுக்கு மற்றது எத்தனை சுற்று என்ற கணக்கு டப்பாக்களின் பருமனைத்தான் பொறுத்தது. ஆகவே தூரம் சற்று மாறினாலும் சக்கரம் குதிக்காது. கடிகாரப் பல்லிடம் இல்லாத பெருந்தன்மை இது.

பதினாலரையும் இருபதும்

இவ்வளவு நல்ல விஷயத்தை உலகம் உடனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. கணிதம் லத்தீனில் தூங்கியது. பட்டறைகள் பழைய வழியில் ஓடின.

1838-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ் ஒரு யோசனை சொன்னார். இவர் பாதிரியாராகவும் இருந்தவர். பட்டறைக்குப் பட்டறை பல் மாறினால் எப்படி? எல்லாரும் ஒரே சாய்வை வைத்துக்கொண்டால் ஒருவர் செய்த சக்கரம் இன்னொருவர் சக்கரத்தோடு சேருமே!

எதன் சாய்வு? அந்தக் கண்ணுக்குத் தெரியாத நூலின் சாய்வுதான். வில்லிஸ் சொன்னது பதினாலரை டிகிரி. அந்தக் கோணத்தில் ஒரு வசதி உண்டு. 4 அங்குலம் நீளமுள்ள ஒரு கோட்டை, ஒரு முனை 1 அங்குலம் உயரும்படி சாய்த்தால் போதும். ஏறக்குறைய பதினாலரை டிகிரி வந்துவிடும். கருவி எதுவும் தேவை இல்லை.

வெகு காலம் பதினாலரைதான் ஆட்சி செய்தது. அதற்கு ஒரு குறை. சின்னச் சக்கரம் செய்தால் பல்லின் அடி அரிபட்டு ஒல்லியாகிவிடும். அரிபடாமல் இருக்க வேண்டுமானால் 32 பற்களாவது வேண்டும். சாய்வை 20 டிகிரி ஆக்கினால் 18 பற்கள் போதும். பல்லின் அடியும் பருத்து பலமாக இருக்கும். அதனால் இன்று செய்யும் சக்கரங்களில் பெரும்பாலும் 20 டிகிரிதான்.

இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். சேர்த்து ஓட்டினால் ஒத்துப்போகாது. ஒன்றின் நூல் ஒரு சாய்வில். மற்றதன் நூல் வேறு சாய்வில்.

பெரியவர் கதை ஞாபகம் இருக்கிறதா? அவர் இரண்டு சக்கரங்களையும் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மேஸ்திரி ஒரு தகட்டு அளவுகோலைப் பல்லின் மேல் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"ஐயா, உங்க சக்கரம் இருபது. நீங்க வாங்கினது அந்தக் காலத்துப் பதினாலரை. எண்ணிப் பார்த்தா ஆச்சா? அப்புறம் அரத்தைப் போட்டு மிச்சம் இருந்ததையும் ராவிட்டீங்க" என்றார்.

பெரியவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு பகல் முழுவதும் ராவிய கை அல்லவா!

ஜவுளிக் கடையில் இருந்து வந்தவர்

நூல் வளைவைக் காகிதத்தில் வரையலாம். இரும்பில் எப்படி வெட்டுவது?

பல் இடுக்கின் வடிவத்தில் ஒரு கட்டர் செய்து, இடுக்கு இடுக்காக வெட்டுவது ஒரு முறை. சிறு பட்டறைகளில் இன்றும் இது உண்டு. ஒரு சங்கடம் என்னவென்றால், பல் எண்ணிக்கை மாறினால் வளைவும் மாறும். எண்ணிக்கைக்கு ஒரு கட்டர் என்றால் கட்டுப்படி ஆகாது. அதனால் 8 கட்டர்கள் கொண்ட ஒரு வரிசை வைத்துச் சமாளிப்பார்கள். 55 பல் முதல் 134 பல் வரை ஒரே கட்டர்! ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஏறக்குறையத்தான்.

அமெரிக்காவில் எட்வின் பெல்லோஸ் என்ற இளைஞர் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். கண்ணாடி அலமாரியில் துணிகளை அழகாகத் தொங்கவிடுவது அவர் வேலை. 1889-ல், 24-ம் வயதில், வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற சிற்றூருக்குப் போய் எந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அழைத்துப் போனவர் ஜேம்ஸ் ஹார்ட்னஸ். இவர் பிற்காலத்தில் அந்த மாநிலத்துக்குக் கவர்னரே ஆனார்.

பெல்லோசின் யோசனை சமையலறையில் விளங்கும். சப்பாத்தி மாவை வட்டமாகத் தட்டி வையுங்கள். அதன் ஓரத்தில் ஒரு பல் சக்கரத்தை அழுத்தி, இரண்டையும் சேர்த்து உருட்டுங்கள். மாவில் பள்ளம் விழும். எந்தச் சக்கரம் பள்ளம் போட்டதோ, அதற்குப் பொருத்தமான பல் தானாக உருவாகும். யாரும் கணக்குப் போட வேண்டாம்.

மாவுக்குப் பதில் இரும்பு. பல் சக்கரத்துக்குப் பதில், பல் சக்கர வடிவத்தில் ஒரு கடினமான எஃகு உளி. உளி மேலும் கீழும் ஏறி இறங்கிச் செதுக்கும். அதே சமயம் உளியும் இரும்பு வட்டும் ஜோடிச் சக்கரங்கள் போல மெல்லச் சுற்றும். சுற்றி முடிந்தால் பல் தயார். ஒரே உளியால் 20 பல் சக்கரமும் வெட்டலாம். 90 பல் சக்கரமும் வெட்டலாம். பல்லின் அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

1896-ல் பெல்லோஸ் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஹெர்மன் பௌட்டர் என்பவர், திருகு போன்ற கட்டரால் உருட்டி வெட்டும் எந்திரத்துக்கு உரிமை பெற்றார். இரண்டும் நல்ல நேரத்தில் வந்தன. மோட்டார் கார் பிறந்த காலம் அது. ஒவ்வொரு காருக்கும் பெட்டி நிறையப் பல் சக்கரம் வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊர்ப் பக்கமே பார்க்கலாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். இறக்கை சோம்பேறித்தனமாகச் சுற்றும். மின்சாரம் எடுக்கும் எந்திரமோ அசுர வேகம் கேட்கும். பல காற்றாலைகளின் தலைக்குள் பல் சக்கரப் பெட்டி உண்டு. நிமிடத்துக்கு 20 சுற்றை 1,500 சுற்று ஆக்குவது அதன் வேலை. அத்தனை உயரத்தில் ஒரு பல் முறிந்தால் இறக்கி ஏற்றும் செலவு என்ன ஆகும்!

மறுபடி வண்டிக்கு

மேஸ்திரி பெரியவரின் நல்ல சக்கரத்தை அளந்தார். சக்கரத்தின் பருமனைப் பல் எண்ணிக்கையால் வகுத்தார். அதற்கு "மாட்யூல்" என்று பெயர். 30 பல் சக்கரம் பல் சேரும் இடத்தில் 120 மில்லிமீட்டர் குறுக்களவு இருந்தால் மாட்யூல் 4. ஜோடிச் சக்கரங்களுக்கு மாட்யூலும் ஒன்றாக இருக்க வேண்டும்; சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமல் பழைய சக்கரம் வாங்காதீர்கள். கரும்பு எந்திரத்துக்கு மட்டுமல்ல, எதற்கும்தான்.

இரண்டு நாளில் புதுச் சக்கரம் வந்தது. மாட்டியதும் பெரியவர் கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பார்த்தார். பிறகு வேகமாகச் சுற்றினார். கடக் கடக் இல்லை. உர்ர்ர் என்று ஒரே சீரான சத்தம்.

முதல் கரும்பு உள்ளே போயிற்று. சக்கை கொஞ்சம் ஈரமாகவே வெளியே வந்தது. பெரியவர் ஸ்பேனரை எடுத்தார். மேலே இருந்த இரண்டு போல்ட்டுகளையும் அரைத் திருகு முடுக்கினார். மேல் உருளை கீழே இறங்கியது. அதோடு அதன் பல் சக்கரமும் மயிரிழை அளவு மற்றச் சக்கரத்தை நெருங்கியது.

எனக்குச் சற்று பயம். மறுபடி குதிக்குமோ?

குதிக்கவில்லை. டப்பாக்களைத் தள்ளி வைத்தாலும் நூல் சீராக ஓடியதே, அதே கதைதான். ஒரேயடியாக முடுக்கினால் பல் நுனி பள்ளத்தின் அடியில் முட்டும். ஒரேயடியாகத் தளர்த்தினால் பல் நழுவும். அதற்கு நடுவே பெரியவர் இஷ்டப்படி முடுக்கலாம், தளர்த்தலாம். பெரிய சர்க்கரை ஆலைகளில் இந்தச் சக்கரங்களுக்குப் பல்லை நீளமாகவே வைப்பார்கள். கரும்பு அதிகமாக நுழையும்போது மேல் உருளை எழும்பிக் கொடுக்கும். அப்போது பல் நழுவக் கூடாது அல்லவா?

பெரியவர் அதே கரும்பை இரண்டாக மடித்து மறுபடி விட்டார். நடுவில் ஓர் இஞ்சித் துண்டு, அரை எலுமிச்சம்பழம். சக்கை இந்தத் தடவை காய்ந்த ஓலை போல வந்து விழுந்தது.

"காசு வேணாம் தம்பி, குடிங்க" என்றார்.

கொடுத்துவிட்டுத்தான் குடித்தேன். இரண்டு நாள் கடை சாத்தியவரிடம் ஓசியில் குடிக்க மனம் வரவில்லை.